பனிக்காலத்தில் வீடு வாங்கலாமா? ரொறன்ரோவில் முதல் வீடு தேடுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் தமிழர்கள் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரண்டு கருத்துகள் தவறாமல் வந்துவிடும். பனிக்காலத்தில் வீடு மலிவாகக் கிடைக்கும் என்பார் ஒருவர். பனிக்காலத்தில் வாங்கினால் வீட்டின் குறைகள் தெரியாமல் ஏமாந்துபோவோம் என்பார் இன்னொருவர். இருவருமே தமக்கோ தம் உறவினருக்கோ நேர்ந்ததை வைத்துத்தான் சொல்கிறார்கள்; ஆகவே இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை எப்படி உண்டாகிறது என்று தெரியாமல் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் நாம் செலவிடும் மிகப் பெரிய தொகையை ஒரு பொதுப்பேச்சின் மேல் வைத்துவிடுவோம். முதல் வீடு தேடும் இளம் குடும்பங்கள் இந்த இரண்டு கருத்துகளுக்கும் நடுவில் குழம்பி நிற்பதைப் பலமுறை பார்த்திருப்பதால், அடிப்படையிலிருந்து இதை விளக்க முயல்கிறேன்.

கலையும் மீன் சந்தை

ஊரில் அந்தி நேரத்து மீன் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் அங்கே கூட்டம் நெரியும். விலை பேச நேரம் இராது. தயங்கி நின்றவரின் மீன் பக்கத்தில் நின்றவரின் பைக்குள் போய்விடும். அந்தியில் கூட்டம் இல்லை. மீன்காரர் நின்று பேசுவார், செவுளைத் தூக்கிப் பார்க்க விடுவார், எவ்வளவு தருவீர்கள் என்று அவரே கேட்பார். ஆனால் நல்ல அறக்குளாவும் விளைமீனும் காலையிலேயே போயிருக்கும். வாங்குவோரும் குறைவு, மீனும் குறைவு. இவை இரண்டும் சேர்ந்ததுதான் அந்திச் சந்தை.

ரொறன்ரோவின் டிசம்பர் மாத வீட்டுச் சந்தையும் இப்படிப்பட்டதே. பாடசாலை ஆண்டு ஜூன் இறுதியில் முடிவதால், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கோடையில் வீடு மாற விரும்புகின்றன. அதற்காக வசந்தத்தில் வாங்குகின்றன. விற்பவர்களும் தோட்டம் பச்சையாக இருக்கும்போது வீட்டைக் காட்டவே விரும்புகிறார்கள். நத்தார், புத்தாண்டு நாட்களில் வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொண்டு அந்நியரை உள்ளே விட யாருக்கும் விருப்பம் இருப்பதில்லை. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் பெருகும் விற்பனை டிசம்பரிலும் ஜனவரியிலும் சுருங்குகிறது.

அப்படியிருந்தும் டிசம்பரில் வீட்டை விற்பனைக்கு விடுகிறவர் பெரும்பாலும் காரணத்தோடு விடுகிறார். வேலை வேறு நகரத்துக்கு மாறியிருக்கலாம். பெற்றோர் இறந்து பிள்ளைகள் சொத்தைப் பிரிக்க வேண்டியிருக்கலாம். வேறொரு வீட்டை வாங்கிவிட்டு இரண்டு வீட்டுக்கும் தவணை கட்டிக்கொண்டிருக்கலாம். இவர்களுக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது, அந்தக் காலக்கெடுதான் வாங்குபவரின் பலம். இன்னொரு வகையினரும் உண்டு: இலையுதிர் காலத்தில் அதிக விலை கேட்டு விற்க முடியாமல் அப்படியே விட்டுவைத்தவர்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை; கேட்ட விலையிலேயே நிற்பார்கள். ஒரு வீட்டின் முன் நிற்கும்போது, விற்பவர் இந்த இரண்டில் எந்த வகை என்பதைக் கண்டுகொள்வதுதான் முதல் வேலை.

இங்கே ஒரு சொல்லை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு வீடு விற்பனைக்கு இருக்கிறது என்று முகவர்களின் பொதுத் தரவுத்தளத்தில் இடப்படும் பதிவைப் ‘பட்டியல்’ என்கிறோம். ஒரு மாதத்தில் விற்ற வீடுகளின் எண்ணிக்கையை அதே மாதத்தில் புதிதாக வந்த பட்டியல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது விற்பனை விகிதம். இது பொதுவாக 40 முதல் 60 சதவீதம் வரை இருந்தால் சந்தை சமநிலையில் இருக்கிறது என்றும், 60க்கு மேல் போனால் விற்பவரின் கை ஓங்கியிருக்கிறது என்றும், 40க்குக் கீழே வந்தால் வாங்குபவரின் கை ஓங்கியிருக்கிறது என்றும் கொள்வார்கள். கற்பனையாக ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். மே மாதத்தில் அங்கே 100 வீடுகள் பட்டியலுக்கு வந்து 60 விற்றன. டிசம்பரில் 30 வந்து 18 விற்றன. கூட்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்திருக்கிறது. ஆனால் விகிதம் இரண்டு மாதத்திலும் 60 சதவீதம்தான். வாங்குபவருக்குப் புதிதாக எந்தப் பலமும் வந்துவிடவில்லை.

சுருக்கமாக: பனிக்காலத்தில் வாங்குவோர் குறைகிறார்கள் என்பது உண்மை. விற்போரும் சேர்ந்தே குறைகிறார்கள் என்பதால், அது மட்டுமே விலையை இறக்கிவிடாது.

சராசரி விலை இறங்குவது ஏன்?

“டிசம்பரில் சராசரி விலை குறைந்தது” என்று செய்தியில் வருவதைக் கண்டுதான் பலர் பனிக்காலம் மலிவு என்ற முடிவுக்கு வருகிறார்கள். செய்தி பொய்யல்ல. ஆனால் சராசரி என்பது எதைக் கூட்டி எதால் வகுத்தது என்று பார்க்க வேண்டும்.

மே மாதத்தில் ஒரு பகுதியில் தலா 14 இலட்சம் டொலருக்கு மூன்று தனி வீடுகளும், தலா 6 இலட்சம் டொலருக்கு மூன்று அடுக்குமாடி வீடுகளும் விற்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10 இலட்சம். டிசம்பரில் தனி வீட்டுக்காரர்களில் இருவர் வசந்தம் வரட்டும் என்று காத்திருக்க, 14 இலட்சத்துக்கு ஒரே ஒரு தனி வீடும், அதே 6 இலட்சத்துக்கு மூன்று அடுக்குமாடி வீடுகளும் விற்கின்றன. இப்போது சராசரி 8 இலட்சம். எந்த வீடும் ஒரு டொலர் கூட இறங்கவில்லை. விற்ற வீடுகளின் கலவைதான் மாறியது. அறக்குளா வராத நாளில் சந்தையின் சராசரி மீன் விலை இறங்குவதால் சாளை மலிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

இந்தக் கலவை மாற்றத்தை நீக்கிப் பார்ப்பதற்காகவே, ஒரு பகுதியின் வழக்கமான வீட்டை மாதிரியாகக் கொண்டு கணக்கிடும் ‘அளவுகோல் விலை’ ஒன்றையும் ரொறன்ரோ பிராந்திய ரியல் எஸ்டேட் சபை மாதந்தோறும் வெளியிடுகிறது. விலையின் போக்கை அறிய விரும்புகிறவர் அதைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால், டிசம்பரை நவம்பரோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டு டிசம்பரோடு ஒப்பிட வேண்டும்.

பருவத்தை விடப் பெரிய சக்திகள் விலையை நகர்த்துகின்றன என்பதற்கு 2022ஆம் ஆண்டே போதுமான சான்று. அந்த ஆண்டு பெப்ரவரியில், தெருவெங்கும் பனி கிடந்தபோது, ரொறன்ரோ பெரும்பாகத்தின் சராசரி வீட்டு விலை 13 இலட்சத்து 30 ஆயிரம் டொலரைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. மார்ச் 2ஆம் திகதி கனடா மத்திய வங்கி தன் வட்டி விகிதத்தை 0.25 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக உயர்த்தியது. தொடர்ந்து உயர்த்திக்கொண்டே போய் 2023 ஜூலையில் 5 சதவீதத்தில் நிறுத்தியது. 2022 டிசம்பரில் சராசரி விலை 10 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் அளவுக்கு வந்திருந்தது. இரண்டும் பனிக்கால மாதங்கள்தான். பெப்ரவரியில், பனிக்காலம் மலிவு என்று நம்பிக் கையெழுத்திட்டவர்கள் அந்த ஆண்டிலேயே மிக உயர்ந்த விலையைக் கொடுத்தார்கள். மே மாதத்தில் மலிவாக வாங்கியவரும் இருப்பார், ஜனவரியில் அதிகம் கொடுத்தவரும் இருப்பார். அவர்களைப் பிரித்துவைத்தது அந்தந்தக் காலத்து வட்டி.

சந்தையின் பனிக்காலம் வேறு, தெருவின் பனிக்காலம் வேறு

பெப்ரவரி உதாரணம் இன்னொரு குழப்பத்தையும் காட்டுகிறது. தெருவில் பனி மார்ச் வரைக்கும், சில ஆண்டுகளில் ஏப்ரல் வரைக்கும் கிடக்கும். ஆனால் வீட்டுச் சந்தையின் பனிக்காலம் அவ்வளவு நீண்டதல்ல. நவம்பர் நடுவில் அது தொடங்குகிறது, நத்தாரோடு அடங்கிப்போகிறது, ஜனவரி இறுதியில் கலையத் தொடங்குகிறது. முகவர்கள் ‘வசந்தச் சந்தை’ என்று சொல்வது பெரும்பாலும் பெப்ரவரியிலேயே தொடங்கிவிடும். கடன் அனுமதியைக் கையில் வைத்திருக்கும் வாங்குவோர் அப்போது வெளியே வந்துவிடுகிறார்கள்; விற்போரோ பனி உருகட்டும் என்று இன்னும் காத்திருக்கிறார்கள். இதனால் பெப்ரவரியில் சில வீடுகளுக்கு மே மாதத்தை விடக் கடுமையான போட்டி வந்துவிடுகிறது.

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு தொடர்பு உண்டு. மார்கழியில் புதுவீட்டுப் பேச்சை எடுக்காமல், தை பிறந்தால் வழி பிறக்கும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் ஏராளம். மார்கழி என்பது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை. சந்தை மிகவும் அமைதியாக இருக்கும் நாட்கள் அவையே. தைப்பொங்கல் கழிந்து தேடத் தொடங்கும்போது ஊர் முழுவதும் தேடத் தொடங்கியிருக்கிறது. நம்பிக்கையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளும், பணம் கைமாறி வீடு நம் பெயருக்கு வரும் ‘குளோசிங்’ நாளும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையில் 60 முதல் 90 நாட்கள் இருப்பது வழக்கம். மார்கழியில் வீட்டைப் பார்த்து ஒப்பந்தம் செய்துவிட்டு, தையிலோ மாசியிலோ குளோசிங் வைத்து, பால் காய்ச்சிக் குடிபுகலாம். பெரியவர்களிடம் இந்த வேறுபாட்டை விளக்கினால் பல வீடுகளில் ஒப்புக்கொள்கிறார்கள்.

உண்மையான இலாபம் நிபந்தனைகளில் இருக்கிறது

விலை உறுதியாக இறங்கும் என்று சொல்ல முடியாதபோது பனிக்காலத்தில் வாங்குபவருக்குக் கிடைப்பது என்ன? அவகாசம் கிடைக்கிறது. என் பார்வையில் அது விலைக்குறைப்பை விடப் பெறுமதியானது.

ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நாம் எழுத்தில் கொடுக்கும் விலைக்கோரிக்கையை ‘ஓஃபர்’ என்கிறோம். அதில் நாம் சேர்க்கும் பாதுகாப்பு வாசகங்களே நிபந்தனைகள். குறித்த நாட்களுக்குள், வழக்கமாக ஐந்து வேலைநாட்களுக்குள், வங்கி கடனை உறுதிசெய்யாவிட்டாலோ, பரிசோதகர் வீட்டைப் பார்த்துச் சொல்வதில் நமக்கு நிறைவு இல்லாவிட்டாலோ ஒப்பந்தத்திலிருந்து விலகி வைப்புப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை அவை தருகின்றன. போட்டி மிகுந்த வசந்தத்தில், ஒரே வீட்டுக்குப் பத்து ஓஃபர்கள் வரும் இரவில், நிபந்தனை எழுதியவரின் தாளை விற்பவர் ஒதுக்கிவைத்துவிடுகிறார். அதனால் பலர் எந்த நிபந்தனையும் இல்லாமல் கையெழுத்திடுகிறார்கள். பின்னர் வங்கியின் மதிப்பீடு குறைவாக வந்தால், குறையும் தொகையை எங்கேனும் திரட்ட வேண்டும். திரட்ட முடியாவிட்டால் வைப்புப் பணத்தை இழப்பதோடு, விற்பவருக்கு நட்டம் நேர்ந்தால் வழக்கையும் சந்திக்க நேரலாம்.

டிசம்பரில் ஒரே ஓஃபர் உங்களுடையதாக இருக்கும்போது நிலைமை மாறுகிறது. வீட்டை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போய்ப் பார்க்கலாம். பரிசோதகரை மூன்று மணி நேரம் நிற்கவைக்கலாம். அடுக்குமாடி வீடென்றால், அந்தக் கட்டடத்தின் நிதிநிலையையும் வழக்குகளையும் காட்டும் நிலைச் சான்றிதழை வழக்கறிஞர் படித்து முடிக்கும்வரை காத்திருக்கலாம். குளோசிங் நாளை உங்கள் வாடகை வீட்டின் 60 நாள் முன்னறிவிப்புக்குப் பொருந்தும்படி கேட்கலாம். விலையில் 10 ஆயிரம் டொலர் குறைத்துவிட்டு நிபந்தனைகளைக் கைவிடச் சொன்னால், நான் அந்தப் பேரத்தை ஏற்கமாட்டேன்.

பேசும் முன், அந்த வீடு எத்தனை நாட்களாக விற்பனையில் இருக்கிறது என்று முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலை முடித்துவிட்டுப் புதிதாக இட்டால் நாட்கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதால், இப்போதைய பட்டியலின் நாட்களை மட்டுமல்ல, முந்தைய பட்டியல்களையும் அவற்றில் கேட்ட விலைகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். செப்டம்பரிலிருந்து மூன்று முறை இடப்பட்ட வீட்டைப் பற்றி, முன்னர் வந்தவர்கள் எதைக் கண்டு விலகினார்கள் என்று விசாரிப்பது அவசியம்.

இதுவரை பார்த்தது: பனிக்காலம் தருவது நிச்சயமான மலிவு அல்ல, சோதித்துப் பார்ப்பதற்கான அவகாசம். அந்த அவகாசத்தில் எதைச் சோதிப்பது என்பதே அடுத்த கேள்வி.

குளிர் காட்டிக்கொடுப்பவை

ஒரு குடையை மழையில் சோதிப்பது போல, இந்த நாட்டில் ஒரு வீட்டைக் குளிரில் சோதிக்கலாம். ஜூன் மாதத்தில் எல்லா வீடும் வசதியாகத்தான் இருக்கும். ஜனவரியில் வெளியே மறை 15 பாகை இருக்கும்போது, மேல்மாடியின் மூலை அறை மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே சூடான காற்று சரியாகப் போகவில்லை என்று தெரிந்துவிடும். ஜன்னல் ஓரத்தில் கையை வைத்தால் காற்று உள்ளே வருவது தெரியும். கண்ணாடியின் உட்புறத்தில் நீர் வழிந்து சட்டத்தின் அடியில் கறுத்திருந்தால், ஈரமும் பூஞ்சணமும் நெடுநாளாக இருக்கின்றன என்று பொருள். வீட்டைச் சூடாக்கும் இயந்திரமான பர்னஸ் ஓடும் சத்தத்தையும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அது தொடங்கி நிற்கிறது என்பதையும் நேரில் கேட்கலாம். அது சொந்தமா, மாத வாடகைக்கு எடுத்ததா என்றும் கேட்டுவிட வேண்டும். தண்ணீர் சூடாக்கியை வாடகைக்கு எடுப்பது ஒன்ராறியோவில் மிகவும் பரவலான வழக்கம், அந்த ஒப்பந்தம் வாங்குபவரின் தலையில் வந்து விழுவதும் உண்டு.

கூரையைத் தெருவில் நின்றே படிக்கலாம். பனி பெய்து ஓரிரு நாள் கழித்து, பக்கத்து வீடுகளின் கூரையில் பனி அப்படியே கிடக்க, நீங்கள் பார்க்கும் வீட்டின் கூரையில் மட்டும் உருகிப்போயிருந்தால், உள்ளிருக்கும் வெப்பம் பரண் வழியாக வெளியேறுகிறது. வெயில் விழும் திசை ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்த்தே இப்படி முடிவு செய்ய வேண்டும். இந்த வெப்பக் கசிவு எரிவாயுக் கட்டணத்தை ஏற்றுவதோடு நிற்பதில்லை. கூரையின் நடுவில் உருகிய நீர் கீழே வழிந்து, வெப்பம் எட்டாத இறவாரத்தில் மறுபடியும் உறைந்து ஒரு கட்டி வரம்பாகிறது. இதனைப் பனியணை என்கிறோம். அடுத்து உருகி வரும் நீருக்கு வழி இல்லாததால், அது கூரை ஓடுகளின் அடியில் பின்னோக்கி ஏறிச் சுவருக்குள் இறங்குகிறது. இறவாரத்திலிருந்து தடித்த பனித் தூண்கள் தொங்குவது படத்துக்கு அழகாக இருக்கலாம். வாங்குபவருக்கு அது ஓர் எச்சரிக்கை. உள்ளே போய், அந்த இடத்துக்கு நேர்கீழான உட்கூரையில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டைப் போலவே தெருவும் தன்னைக் காட்டும். பனி அகற்றும் வண்டி போனபின் உங்கள் வாகனப் பாதையின் வாயிலில் எவ்வளவு உயரத்துக்குப் பனி வரப்பு எழுகிறது, மூலை வீடாக இருந்தால் எத்தனை அடி நடைபாதையை நீங்களே துப்புரவாக்க வேண்டும், பேருந்துத் தரிப்பிடத்துக்கு வயதான தாய் வழுக்காமல் நடந்து போக முடியுமா என்பதெல்லாம் ஜூலையில் தெரிய வராது. டிசம்பர் கடைசியில் இங்கே மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதால், வேலை முடிந்து போய் இருட்டில் பார்ப்பதோடு நின்றுவிடாமல், சனி அல்லது ஞாயிறு நண்பகலில் ஒருமுறை கட்டாயம் போக வேண்டும். மிகத் தாழ்வாகச் செல்லும் அந்தப் பனிக்கால வெயில் எந்த அறைக்குள் வருகிறது என்பதையும் அப்போது காணலாம்.

பனி மறைப்பவை

இனி மறுபக்கம். என் உறவினர் குடும்பம் ஒன்று ஜனவரியில் வீடு வாங்கியது. பரிசோதகர் குறை எதுவும் சொல்லவில்லை. பேஸ்மென்ட் காய்ந்து சூடாக இருந்தது. மார்ச் கடைசியில் பனி உருகியபோது பேஸ்மென்ட்டின் ஒரு மூலையில் கம்பளம் நனைந்தது. வெளியே போய்ப் பார்த்தால், கூரைநீர்க் குழாய் சுவரின் அடியிலேயே முடிந்திருந்தது. அந்த இடத்தில் நிலமும் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. இரண்டும் வாங்கும்போது முழங்கால் அளவு பனிக்குள் இருந்தன.

இது ஏன் நடக்கிறது என்று பார்ப்போம். குளிரில் நிலம் கல்லாக உறைந்திருக்கும். அதன் மேல் பனி பல வாரங்கள் சேர்ந்துகிடக்கும். மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போது மேலே நீர் வந்துவிடுகிறது, அடியில் நிலம் இன்னும் உறைந்திருப்பதால் அதை உறிஞ்சாது. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நீர் ஓடும். சரிவு வீட்டை நோக்கி இருந்தால் அத்திவாரத்தின் வெடிப்புகளைத் தேடி உள்ளே வரும். ஆகவே ஜனவரியில் காய்ந்திருக்கும் பேஸ்மென்ட், அது ஒழுகாத பேஸ்மென்ட் என்பதற்குச் சான்று ஆகாது. அப்போது அங்கே வருவதற்கு நீரே இல்லை.

நீர் இல்லாத காலத்திலும் நீர் விட்டுப்போன அடையாளங்களைத் தேடலாம். கொங்கிரீட் சுவரில் வெண்ணிற உப்புப் பொருமல், பர்னஸின் அடித்தகட்டிலும் இரும்புத் தூணின் அடியிலும் துரு, ஒரு சுவருக்கு மட்டும் பூசப்பட்ட புதிய வர்ணம், மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஈரநீக்கி இயந்திரம், ஈரச் சாக்கு வாசனை ஆகியவை ஒவ்வொன்றும் கேள்வி கேட்க வைக்க வேண்டியவை. அத்திவார நீரை வெளியேற்றும் பம்ப் இருந்தால், அதன் குழிக்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி மிதவை எழும்பி அது ஓடுகிறதா என்று பரிசோதகரைப் பார்க்கச் சொல்லுங்கள். 2024 ஜூலை 16 பெருமழையில் இந்த வீட்டுக்குள் நீர் வந்ததா, காப்புறுதியில் பணம் கோரினீர்களா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாடகைக்கு விடும் எண்ணத்தோடு பேஸ்மென்ட் வீட்டை நம்பிக் கடன் கணக்குப் போடும் குடும்பத்துக்கு இந்த ஒரு பகுதியே மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது.

குளிரூட்டியைப் பனிக்காலத்தில் ஓட்டிப் பார்க்க முடியாது. வெளியே குளிர்ந்திருக்கும்போது அதை இயக்கினால் அதன் அழுத்தி பழுதாகலாம் என்பதால் பரிசோதகர்கள் அதைத் தொடமாட்டார்கள். கூரை ஓடுகள், பின்புறப் பலகைத் தளம், வாகனப் பாதையின் தார், வேலி, நீச்சல் குளம் ஆகியவையும் அறிக்கையில் “பனியால் மூடப்பட்டிருந்தது, பார்க்கவில்லை” என்ற வரியோடு வரும். அந்த வரிகளைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுச் சான்று கேட்க வேண்டும்: கூரை போட்ட ரசீது, குளிரூட்டியைக் கோடையில் பழுதுபார்த்த ரசீது, கோடையில் எடுத்த படங்கள். கூகுள் தெருக்காட்சியில் அதே வீட்டைப் பல ஆண்டுகளின் கோடையில் பார்க்க முடிவதால், ஓடுகளின் வயதையும் நிலத்தின் சரிவையும் ஓரளவு அங்கிருந்தே அறியலாம்.

சான்று கிடைக்காதபோது ஒப்பந்தத்தில் எழுதிவைக்கலாம். குளிரூட்டி முதல் வெப்ப நாட்களில் இயங்கும் என்று விற்பவர் உறுதியளிக்கும் வாசகம் ஒரு வழி. வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கில் ஒரு தொகையை நிறுத்திவைத்து, வசந்தத்தில் சோதித்தபின் விடுவிப்பது இன்னொரு வழி. எல்லா விற்பவரும் இதற்கு இணங்கமாட்டார்கள். ஆனால் டிசம்பரில் இணங்குகிறவர் மே மாதத்தில் இணங்குபவரை விட அதிகம். ஒன்ராறியோ சட்டத்தில், சாதாரணமாகப் பார்த்தால் தெரியக்கூடிய குறைகளைக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் பொறுப்பு. பனி மூடியிருந்ததால் காணவில்லை என்று பின்னர் வாதாடி வெல்லலாம் என நம்பிப் பணத்தைப் போட வேண்டாம்.

புதிதாகக் கட்டும் வீட்டைப் பனிக்காலத்தில் பொறுப்பேற்றால், நிலச் சரிவு, புல், வாகனப் பாதை போன்ற வெளிவேலைகள் கோடைக்குத் தள்ளிப்போயிருக்கும். முதல் வசந்தம் வரை கட்டுமண்ணே நிலமாக இருக்கும் என்று எதிர்பாருங்கள். அத்திவாரம் வழியாக நீர் புகுவதற்கு, ஒன்ராறியோவின் புதுவீட்டு உத்தரவாத அமைப்பான டேரியனின் உத்தரவாதம் இரண்டு ஆண்டுகள் இருக்கிறது. உருகும் காலத்தில் படம் எடுத்து உடனே அறிவிக்க வேண்டும்.

சுருக்கமாக: வெப்பம் சார்ந்த குறைகளைக் குளிர் காட்டும், நீரும் நிலமும் சார்ந்த குறைகளைப் பனி மறைக்கும். முதலாவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டாவதைத் தாளில் பிடிக்க வேண்டும்.

கடனும் நாட்காட்டியும்

பணத்தைப் பொறுத்தவரை ஆண்டின் முடிவு சில கதவுகளைத் திறக்கவும் மூடவும் செய்கிறது. முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கான எஃப்.எச்.எஸ்.ஏ. 2023 ஏப்ரலில் தொடங்கியது. அதில் ஆண்டுக்கு 8,000 டொலரும் மொத்தம் 40,000 டொலரும் இடலாம். இட்ட தொகைக்கு வருமான வரிக் கழிவு உண்டு. முதல் வீட்டுக்கு எடுக்கும்போது வரி இல்லை. கணக்கைத் திறந்த ஆண்டிலிருந்துதான் பணம் இடும் வரம்பு சேரத் தொடங்கும். ஆகவே பணம் கையில் இல்லாவிட்டாலும் டிசம்பர் 31க்கு முன் கணக்கைத் திறந்துவைத்தவர், ஜனவரி முதலாம் திகதி 16,000 டொலர் இடும் தகுதி பெறுகிறார். ஒரு நாள் தாமதித்தவருக்கு 8,000தான்.

ஓய்வூதியச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து முதல் வீட்டுக்காக 60,000 டொலர் வரை எடுக்கலாம். அந்தக் கணக்கில் இட்ட பணத்தை 90 நாட்களுக்குள் எடுத்தால் அதற்கான வரிக் கழிவை இழக்க நேரிடும். மார்ச் நடுவில் குளோசிங் வைத்திருப்பவர் டிசம்பர் தொடக்கத்திலேயே பணத்தை இட்டிருக்க வேண்டும். வரிக் காலக்கெடுவை மட்டும் மனதில் வைத்துப் பெப்ரவரி கடைசியில் இடுகிறவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்.

கடன் முன்னனுமதி பெறும்போது வங்கி அன்றைய வட்டியை 90 முதல் 120 நாட்கள் வரை உங்களுக்காகப் பிடித்துவைக்கும். மத்திய வங்கியின் ஆண்டுக்கு எட்டு வட்டி அறிவிப்புகளில் மூன்று டிசம்பர், ஜனவரி, மார்ச் மாதங்களில் வருவதால், டிசம்பர் தொடக்கத்தில் பெற்ற முன்னனுமதி அந்த மூன்றின் ஊடாகவும் உங்களைப் பாதுகாக்கக்கூடும். வட்டி இறங்கினால் இறங்கிய வட்டியைத் தருவார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

சாவி வாங்கும் நாளும் அதற்குப் பின்னும்

குளோசிங் நாளை டிசம்பர் 24, 31 போன்ற நாட்களில் வைக்காமல் இருப்பது நல்லது. வங்கியில் ஒரு கையெழுத்து தாமதித்தாலும் அடுத்த வேலைநாள் பல நாட்கள் கழித்தே வரும்; பொருட்கள் ஏற்றிய வண்டியோடு தெருவில் நிற்க நேரும். பிள்ளைகள் இருந்தால், பாடசாலை ஆண்டின் நடுவில் எல்லை மாறிப் புதிய வகுப்புக்குப் போக வேண்டிய சிரமத்தையும் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

விற்பவர் முன்பே வெளியேறிவிட்ட வீடாக இருந்தால், குளோசிங்குக்கு முன் நீங்கள் போகும் கடைசிப் பார்வையில் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். செலவைக் குறைக்க வெப்பத்தை அளவுக்கு மீறித் தணித்திருந்தால் சுவருக்குள் குழாய் உறைந்து வெடித்திருக்கலாம். எல்லாத் தண்ணீர்க் குழாய்களையும் திறந்து நீர் வருகிறதா என்று பாருங்கள். வாங்கியபின், வர்ணம் பூசுவதற்காக வீட்டைச் சில வாரம் காலியாக வைக்க நினைத்தால் காப்புறுதியைப் படித்துக்கொள்ளுங்கள்; குளிர்காலத்தில் தொடர்ந்து சில நாட்கள் ஆளில்லாமல் இருந்து குழாய் உறைந்தால் பல காப்புறுதிகள் இழப்பீடு தருவதில்லை. நாள்தோறும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை அடைத்துக் குழாய்களை வடித்துவிட வேண்டும்.

குடிபுகுந்த முதல் ஆண்டில், மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் வெப்பம் சட்டென்று ஏறும் நாட்களில், காலையும் மாலையும் பேஸ்மென்ட்டின் நான்கு மூலைகளையும் ஒரு டோர்ச் விளக்கோடு பாருங்கள். வெளியே கூரைநீர்க் குழாய்களின் வாயை அத்திவாரத்திலிருந்து ஆறு அடியாவது தள்ளி நீட்டிவையுங்கள். அந்த வாரங்கள் கழியும்வரை அட்டைப்பெட்டிகளைப் பேஸ்மென்ட் தரையில் வைக்க வேண்டாம்.